பஞ்சத் தெருவும் சின்னம்மாவும்

அன்புள்ள நண்பருக்கு,

இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவைக் கிண்டிப் புதுத் தார் ஊற்றுகிறார்கள். யன்னலைத் திறந்ததும் அந்த மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். தெருக் கதை என்றால் உங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாமே.

அஜக்ஸில் நாங்கள் வேலைசெய்த தொழிற்சாலைக்கு உங்கள் காரில்தான் என்னையும் ஏற்றிப் போவீர்கள். 401 நெடுஞ்சாலையில் ஏறினால் கெதியாகப் போகலாம். நீங்களோ பழைய தெருவை விடமாட்டீர்கள். அப்படிப் போகும்போதுதான் அயர்லாந்தில் உங்கள் ஊர்ப் பஞ்சத் தெருவைப் பற்றிச் சொன்னீர்கள். பட்டினி கிடந்த சனம் அரைவயிற்றுக் கூலிக்குக் கல்லுடைத்துப் போட்ட தெரு, எந்த ஊருக்கும் போகாமல் சதுப்பில் முடிகிறதாம். அந்த வழியால் நடப்பவர்கள் சட்டைப்பையில் ஒரு துண்டுப் பாண், நீங்கள் சொல்லும் பிரெட், வைத்திருப்பார்களாம். பசியில் ஒருவர் செத்து விழுந்த புல்லை மிதித்தால் அந்தப் பசி நம்மையும் பிடித்துக்கொள்ளுமாம். நான் நன்றாக நக்கலடித்தேன்.

பிறகு அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நடந்தபோது அவருடைய தங்கச்சி வழியில் இறந்துபோனது எங்களுக்குத் தெரியும். அதை வீட்டில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் ஒரு ஞாயிறு வந்து, புட்டைச் சாப்பிட்டுவிட்டு, அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாண் கதையையும் சொல்லி, அம்மாவுக்குத் தமிழில் சொல் என்று விடாப்பிடியாக நின்றீர்கள். சொன்னேன்.

அம்மா உங்களைப் பார்த்துத்தான் பேசினார். "தண்ணி கேட்டவள், தம்பி. என்னட்ட அரைப் போத்தில் இருந்தது. என்னோட வந்த சின்னப் பேத்திக்கெண்டு ஒளிச்சு வைச்சிருந்தனான். இல்லையெண்டிட்டன்."

இதை ஒருவழியாக இங்கிலிஷில் சொல்லி முடித்தேன். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. உங்கள் பாட்டனின் தாயும் அந்தப் பஞ்சத்தில் பாணைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, கையேந்திய அயலவளைக் கடந்து போனவராம். அதனால் உங்கள் வீட்டார் பாண் கொண்டுபோனது பசிக்குப் பயந்தல்ல, யாராவது கேட்டால் கொடுக்கத்தான்.

"அவர் அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. அதனால்தான் அந்த அயலவளின் பெயர் எங்களுக்குத் தெரியும்" என்றீர்கள். பிறகு தங்கச்சியின் பெயரைக் கேட்டீர்கள். பூரணம் என்றார் அம்மா. சொல்லிவிட்டு நெடுநேரம் அழுதார்.

போன குளிருக்குள் நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள். வீட்டில் இப்போது எந்நேரமும் பூரணம் கதைதான். சைக்கிள் பழகப்போய் அடுத்த வீட்டு வேலிக்குள் விழுந்து, எழும்பி வேலிக்காரரையே ஏசிவிட்டு வந்தாராம் சின்னம்மா. நேற்று அதைச் சொல்லி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனடா வந்து அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. உடனே உங்களுக்குத்தான் போன் எடுக்கப் போனேன்.