சித்தப்பா வீட்டு சுவிட்ச்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. அந்தக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போன தடவை வீடியோவில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது, வெளிச்சம் சரியில்லை என்று சமாளித்தாய், நான் நம்பவில்லை.

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் பக்கத்தில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தம்பி என்றால் அவர் அப்படியே உருகிவிடுவார். "பாவம்மா சித்தப்பா, அந்த சுவிட்சைக் கழட்டிட்டு லைனை நேரா குடுத்துடேன்" என்று நீயும் சொல்லிவிட்டாய். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இவ்வளவு நல்ல மனசு எங்கிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. கரண்ட் போனால் தெருவே சித்தப்பாவின் ஜெனரேட்டர் கொட்டகைக்கு முன்னால் போய் நின்று லைன் போடுங்க என்று கேட்க வேண்டும், எல்லா வீட்டு சுவிட்சும் அவர் கையில், பெரிய மகாராஜா. அந்த டீசல் புகை நான் தைத்து மாட்டிய வெள்ளைச் சட்டைகளில் கரியாகப் படிகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன், அதுதான் நான் செய்த குற்றம். அதை மனசில் வைத்துக்கொண்டுதான் உன் இன்டர்வியூ அன்று, நீ கம்ப்யூட்டர் முன்னால் பாதி பதில் சொல்லும்போது கரண்ட் போய், நான் கழுத்தில் டேப்போடு ஓடிப்போய்க் கெஞ்சியபோது, "இருங்க அண்ணி, டீ ஆறிடும், குடிச்சிட்டு வர்றேன்" என்றார். பார்பர் கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, மெடிக்கல் ஷாப்பில் லைட் எரிந்தது, நம் வீடு மட்டும் செத்துக் கிடந்தது. அவர் டம்ளரை ஊதி ஊதிக் குடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்த வேலை கிடைத்திருந்தால் நீ பஸ்ஸில் போய்விட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாய், நான் இப்படித் தாளோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

சோலார் வாங்கியதே அந்த வயிற்றெரிச்சலில்தான். பூமிக்கு நல்லது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கி மாட்டியதும் மனுஷன் சும்மா இருந்தாரா, தன் மொட்டைமாடியில் உயரமாகத் தகரம் நிறுத்தி பேனல் மேல் நிழல் விழும்படி செய்தார், "அண்ணி இனிமே வெயிலையும் எங்கிட்டதான் கேக்கணும்" என்று பார்பரிடம் சிரித்தாராம். நான் சண்டைக்குப் போகவில்லை. கடையில் துணி தொங்கவிடுகிற சக்கர ஸ்டாண்டுகளை மாடிக்கு ஏற்றி, வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் பேனல்களை அவற்றில் பூட்டினேன். நிழல் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன். உச்சி வெயிலில் பேனல் சூடேறி கரண்ட் குறைந்தது, அதற்கும் ஸ்டாண்டின் கீழ்க் கம்பியில் தொட்டிகளைக் கட்டி அவரைக்கொடி விட்டேன், இலை அடர்ந்ததும் அடியில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது, கொடியும் வண்டியோடு கூடவே வருகிறது. காயும் காய்க்கிறது. வேடிக்கை பார்க்க வந்த பார்பர் மாட்டினார், மெடிக்கல் ஷாப்காரர் மாட்டினார், அப்புறம் தெருவே மாட்டிவிட்டது. இப்போது அந்த ஜெனரேட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதற்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சித்தப்பா மட்டும் வீம்புக்குச் சோலார் வாங்கவில்லை. சித்திதான் புழுக்கம் தாங்காமல் வந்து லைன் கேட்டாள், அவள் நல்லவள், தருகிறேன் என்றேன். சுவிட்ச் அவங்க வீட்டுல வைக்கட்டுமா அக்கா என்று எலக்ட்ரீஷியன் கேட்டார், என் தையல் மெஷின் பக்கத்தில் வையுங்க என்றேன். அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் அவர் நம் கேட்டுக்கு வந்து "அண்ணி, லைன் போடுங்க" என்று கேட்டாக வேண்டும். இருங்க தம்பி, இந்தப் பட்டன் காஜாவை முடிச்சிட்டு வர்றேன் என்பேன். நீ இதைக் கொடுமை என்கிறாய். இருக்கட்டும். அவர் உனக்குப் போன் போட்டு, அன்றைக்கு வேண்டுமென்றே செய்தேன் என்று தன் வாயால் சொல்லட்டும், அந்த நிமிஷமே சுவிட்சைக் கழற்றி எறிகிறேன். அதுவரை எனக்குக் காஜா எடுக்க நிறையச் சட்டை இருக்கிறது.

இதோ, எழுதும்போதே கரண்ட் போய்விட்டது. நம் வீட்டில் விளக்கு எரிகிறது. கேட்டில் இருமல் சத்தம், அப்புறம் வழக்கமான குரல். இருங்க தம்பி, என் பொண்ணுக்கு லெட்டர் எழுதிக்கிட்டிருக்கேன், முடிச்சிட்டு வர்றேன் என்றேன். ஏன் போனில் பேசக் கூடாதா என்று அவர் கேட்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

அதனால் ஆசீர்வாதத்தை நிதானமாகவே எழுதுகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வேலையில் பேரெடுக்க வேண்டும். யார் வாசலிலும் போய் நிற்காமல் நீண்ட ஆயுசோடு வாழ வேண்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவசரம் ஒன்றும் இல்லாத
உன் அம்மா