இரண்டு மேசைக்கு நடுவே ஒரு நீல வயர்

ஏப்ரல் 4, 2005. திங்கள்

காலையிலிருந்து அறைத்தோழி நிங்கின் கணினி என் கணினிக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே மூன்று மீட்டர் நீல வயர். போன வருடம் அறைக்கு வந்ததும் நானே முனை அழுத்திப் போட்டது. அவளிடம் பிரிண்டர், என்னிடம் பெரிய ஹார்ட் டிஸ்க். ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. வியாழக்கிழமை மூன்றாம் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும், இந்த வாரம் பார்த்து இப்படி.

"வயரா இருக்குமோக்கா?" என்றாள் நிங், சிரித்துக்கொண்டே.

விடுதி அலுவலகத்தின் அறைப் படிவம் வந்திருக்கிறது. அடுத்த பருவத்துக்கும் சேர்ந்து தங்குவதென்றால் இருவரும் கையெழுத்திட்டு 30-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நான் போட்டுவிட்டேன். நிங் "போடறேன்க்கா" என்றாள். இன்னும் போடவில்லை.

ஏப்ரல் 5

இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிகிறது. அப்படியென்றால் வயரில் குற்றமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, முனைகளை வெட்டிப் புதிதாக அழுத்தினேன். இது கணினிக்குக் கணினி நேரே போகிற வயர். ஒரு முனையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருக்க வேண்டும். அவசரத்தில் மாற்ற மறந்தேன், எரிந்த விளக்கும் அணைந்தது. நிங் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். "அக்கா, பச்சை அந்தப் பக்கம் வரணுமில்ல?" என்று ரகசியம் போலச் சொன்னாள். மறுபடி வெட்டி, மறுபடி அழுத்தினேன். விளக்கு வந்தது. அவள் கணினி வரவில்லை.

பக்கத்து அறை எண்டா எட்டிப் பார்த்து, "யார்கூடச் சண்டை ரொத்துவா? உங்க குரல் சோலோ ஊர் வரைக்கும் கேக்குது" என்றாள். சுமத்ராவிலிருந்து வந்த என்னைப் போன்ற படாக் பெண் சாதாரணமாகப் பேசினாலே, மெல்லப் பேசுகிற இந்த யோக்யாகர்த்தாவில் அது சண்டை.

ஏப்ரல் 6

இரண்டு கணினியின் முகவரி எண்களும் சரி: கடைசியில் எனக்கு 1, அவளுக்கு 2. குழுப் பெயரும் சரி. நெட்வொர்க் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ம்ஹூம். ஃப்ளாப்பியில் கோப்பை ஏற்றி, நாலடி நடந்து போய் பிரிண்ட் எடுத்தேன். வெட்கக்கேடு.

ஏப்ரல் 8. வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

நிங் வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அங்கிருந்து 'பிங்' கட்டளை கொடுத்து என் கணினியைக் கூப்பிட்டேன். நாலு தடவையும் பதில் வந்தது. என் மேசைக்கு வந்து அவளுடையதைக் கூப்பிட்டேன். நாலு தடவையும் மௌனம். அவளால் என்னிடம் வர முடிகிறது, என்னால் அவளிடம் போக முடியவில்லை. எந்த வயரும் இப்படிப் பழுதாகாது. அவள் கணினியின் தடுப்புச்சுவரை, அதான் ஃபயர்வாலை, திறந்து பார்த்தேன். போன வருடம் நாங்கள் சேர்ந்து அணைத்தது இப்போது ஓடுகிறது. 'யாருக்கும் விலக்கு வேண்டாம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். தானாக விழுகிற டிக் இல்லை அது.

ஒரே கிளிக்கில் எடுத்துவிடலாம். கை மௌஸுக்குப் போனது. அப்போதுதான் ஞாயிறு இரவுச் சாப்பாடு ஞாபகம் வந்தது.

அதற்கு முந்தின நாள், என் மேசையிலிருந்தே, அவள் ஃபோல்டரில் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைப் பார்த்தேன். பக்கம் முழுக்க அம்மா. வோனோசாரி சந்தையில் சோயாத் தெம்பே விற்கிற அம்மா. அதைப் பொதிய அவர் வாழையிலை கிழிக்கிற சத்தத்தில்தான் தினமும் படிக்க எழுந்ததாக எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன்? நீளம் என்று இரண்டு வரியாக வெட்டிச் சேமித்தேன். கேட்கவில்லை. உதவி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதோடு விட்டேனா? சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் பழையதை ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நிங்கும் சிரித்தாள். "பரவாயில்லைக்கா" என்றாள். வருத்தத்தையும் சிரித்தே மறைக்கிற ஜாவாவில் மூன்று வருடம் சோறு தின்றும் அந்தச் சிரிப்பை அப்படியே நம்பினேனே, என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு பேர் என் அறையிலிருந்து மாறிப் போனார்கள். ஒருத்தி தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இன்னொருத்தி ஜன்னல் காற்று என்றாள். நானும் நம்பினேன்! இவளும் போய்விட்டால்? போகக் கூடாது. இவளோடு இருந்தால்தான் இந்த ஊர் எனக்கு ஊராக இருக்கிறது.

டிக்கைத் தொடவில்லை. அவள் மூடியது. அவளேதான் திறக்கணும்.

ஏப்ரல் 9

கேட்டே விட்டேன். "நிங், வயர்ல ஒண்ணுமில்ல. நீதானே மூடி வெச்சிருக்கே?"

தலை குனிந்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு, "அது அம்மாவுக்கு எழுதினதுக்கா" என்றாள்.

"பழசு என்கிட்ட இருக்குடி, எடுத்துத் தரேன்."

"இருக்கட்டும்க்கா. எனக்கு அது மனப்பாடம். அன்னிக்கே திருப்பிப் போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குடி எனக்கு டார்ச் பிடிச்சே?"

"நீங்க அவ்வளவு ஆசையா வயர் வெட்டிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் அழுததைத்தான் அவள் பார்த்தாள்.

ஏப்ரல் 10. ஞாயிறு

எங்கே செய்தேனோ அங்கேயே சரிசெய்ய வேண்டுமல்லவா? சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, "போன வாரம் நிங் எழுதினதை நான் வாசிச்சது தப்பு!" என்று சொன்னேன். பதினெட்டு பேர் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நிங் சிவந்துபோய் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "உக்காருங்கக்கா, ஐயோ, உக்காருங்க." இதுவும் தப்பாகிவிட்டதா?

ஏப்ரல் 11

சுவர் இருக்கிறது. பேச்சு குறைவு.

ஏப்ரல் 16

"நிங், ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?" ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், ஃப்ளாப்பியைக் கையில் பிடித்தபடி. இதுவரை இந்த அறையில் எதற்காவது அவளிடம் அனுமதி கேட்டிருக்கிறேனா? அவள் போர்வை, அவள் நெயில் கட்டர், அவள் மிளகாய்ச் சம்பல் பாட்டில். எண்ணவே கூசுகிறது.

ஏப்ரல் 21

படிவத்தில் அவள் இடம் காலி. கேட்க வாய் வரை வருகிறது. கேட்டால் சிரித்துக்கொண்டே "சரிக்கா" என்பாள். அந்தச் சரி எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 28

பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால், என் திரையில் அவள் கணினி. நானாக எதையும் தொடவில்லை. உள்ளே பிரிண்டரும் ஒரே ஒரு ஃபோல்டரும். ஃபோல்டரின் பெயர் 'ரொத்துவா அக்காவுக்கு'. அதில் அவளுடைய நான்காம் அத்தியாயம்.

நிங் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 29. வெள்ளி

அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட நன்றாக. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் நொண்டியது. பழக்க தோஷம், கை தானாகத் திருத்திச் சேமிக்கப் போனது. 'அனுமதி இல்லை' என்றது கணினி. படிக்க மட்டும்தான் திறந்து வைத்திருக்கிறாள்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவள் திரும்பினாள்.

"பன்னெண்டாம் பக்கத்துல ஒண்ணு இருக்கு நிங். சொல்லட்டுமா?"

யோசித்தாள். சிரிக்கவில்லை.

"இப்ப வேணாம்க்கா."

இந்த ஒரு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் 'வேண்டாம்'. சரி என்று சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். விசைப்பலகையின் மேல் படிவம் இருந்தது, அவள் கையெழுத்தோடு.