மீன் இல்லாமல் புறப்பட்ட படகு

காஞ்சிபுரம்
27-1-1973

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். அங்கே விசாகப்பட்டினத்தில் நீயும், நீ வரைந்து வைத்திருக்கும் படகும் சுகமா என்று உடனே தெரிய வேண்டும். படகையும் சேர்த்து விசாரிக்கிறானே கிழவன், புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்காதே. காரணம் இருக்குது. இன்லண்ட் லெட்டரில் அடங்காது என்றுதான் கவரில் எழுதுகிறேன். அந்த மீன்பிடிப் படகு வரைபடத்தை பிப்ரவரி பத்தாம் தேதி கப்பல் கட்டும் யார்டில் பெரியவர்களிடம் ஒப்படைக்கப்போவதாக எழுதியிருந்தாயே, இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் ஒப்படைத்துவிடாதே. சாப்பிட்டுவிட்டுப் படி, அது முக்கியம்.

ஆடி மாதம் நீ லீவில் வந்திருந்தபோது கூடத்தில் அந்த வரைபடத்தை விரித்து என்னிடம் காட்டிக்கினு இருந்தாய். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நீ, இது ஒனக்குப் புரியாதும்மா, இது வேற மாதிரி கோடு என்று சொல்லிவிட்டுச் சுருட்டினாய். நீ மறந்திருப்பாய். அவள் மறக்கவில்லை. முப்பது வருஷமாகப் புடவைக்கு டிசைன் போடுகிறவள், கட்டைவிரல் அகலத்து அன்னப்பறவையைக் கட்டம் போட்ட தாளில் முழ நீளத்துக்குப் பெரிதாக்கி, எந்த இடத்தில் எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறவள், அவளிடம் போய்க் கோடு புரியாது என்று சொன்னாயே, நான் அப்போதே உன்னை எச்சரித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் சும்மா இருந்தேன். நீ ரயிலேறின மறுநாள், நீ விட்டுப்போன காப்பியை விரித்துப் போட்டுக்கினு உட்கார்ந்தாள். மூன்று நாள் அதையே பார்த்தாள், சாம்பாரில் உப்பு இல்லை. நாலாம் நாள், என்னாங்க, இதுவும் கட்டந்தான், இந்தப் படகை நான் செஞ்சி தண்ணியில வுட்டுப் பாக்கப்போறேன், அவனுக்கு மட்டும் மூச்சு வுடக்கூடாது என்றாள். ஆறு மாதமாக என் கடிதத்தில் மழையும் விலைவாசியும் மட்டுமே வந்துக்கினு இருந்ததற்கு இதுதான் காரணம். உன்னை ஏமாற்றுவதில் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, பொய் சொல்வானேன்.

முப்பத்திரண்டு அடிப் படகைப் பதினாறில் ஒரு பங்காக்கி இரண்டு அடியில் செய்வதாக முடிவாயிற்று. நீ குறுக்கே வெட்டிக் காட்டியிருந்த ஒவ்வொரு உருவத்தையும் அட்டையில் எடுத்து, அப்புறம் பலகையில் அறுத்து, மீன் முள் மாதிரி வரிசையாக நிறுத்தி, அதன்மேல் கல்யாண முருங்கை மரத்தை விரல் அகலப் பட்டையாகச் சீவி ஒட்டினாள். சீவியது நான். பட்டை ஒன்று அரைக்கால் அங்குலம் தடித்தாலும் திரும்பி வந்துவிடும், நான் பள்ளிக்கூடத்தில் பையன்கள் கணக்கைத் திருப்பியடித்ததற்கெல்லாம் சேர்த்து அனுபவித்தேன். வயிற்றில் வைத்த சின்ன பேட்டரி மோட்டாரிலிருந்து பின்பக்கம் போகும் தண்டு என் சைக்கிள் ஸ்போக்கு, தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறி என் பொடி டப்பாவின் மூடி. இரண்டுக்கும் என்னைக் கேட்கவில்லை. எடை போடும் விஷயத்தில்தான் என் மானம் போனது. படகு எட்டு டன், நம்முடையது பதினாறில் ஒரு பங்கு, ஆகவே அரை டன் என்று நான் பதினாறால் வகுத்துச் சொன்னேன். ரெண்டடிப் படகுல ஐநூறு கிலோ எங்க ஏத்துறது என்று உன் அம்மா கேட்டாள். நீளம், அகலம், ஒசரம் மூணும்தானே சின்னதாச்சு, நீங்க ஏன் ஒரு வாட்டி மட்டும் வகுக்கிறீங்க என்று அவளே கேட்டு, அவளே மூன்று தரம் வகுத்து, இரண்டு கிலோ என்று சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இதை யாரிடமும் சொல்லாதே. அப்புறம் என்ஜின் எடை, மேலே நீ ஆசையாக இரண்டு மாடி போட்டிருக்கும் அறையின் எடை, பிடித்த மீன் எடை, அறையின் கூரைமேல் வைப்பதாக நீ குறித்திருக்கும் வலையின் எடை எல்லாவற்றையும் ஜரிகை நிறுக்கும் தராசில் நிறுத்து, ஈயத்தில் வார்த்து, நீ சொன்ன இடத்தில் சொன்னபடி வைத்தாள். படகுக்கு நாலு ஆட்கள் என்று போட்டிருந்தாய் அல்லவா, அதற்கும் ஆளுக்குப் பதினெட்டு கிராம் ஈயம், மேலே கழிவுப் பட்டு நூலைச் சுற்றி, ஆளுக்கொரு கலரில் லுங்கி. ஒருத்தனுக்கு மீசைகூட வைத்தாள்.

கரையில் நின்றுகொண்டே ஓட்டுவதற்கு ரேடியோ வேலை ஷபியுல்லா பாயுடையது. பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறாரே, சின்ன வயதில் நீ அவர் கடையில் வால்வை உடைத்தாயே, அவரேதான். இதற்காக டில்லிக்கு எழுதிப் போட்டு வாங்கின அனுமதிக் காகிதத்தை இன்றைக்கும் சட்டைப்பையில் வைத்துக்கினு, கேட்காத கண்டக்டருக்கும் எடுத்துக் காட்டுகிறார். கையில் வைத்துக்கொள்ள ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் படகு வலது பக்கம் திரும்பும், இரண்டு தரம் அழுத்தினால் இடது பக்கம், விட்டால் நேரே. நிறுத்துவதற்கு ஒன்றும் கிடையாது, பேட்டரி தீர்ந்தால் நிற்கும். பேட்டரியை மாற்றுவதற்கு வசதியாக மேல் மாடியில் வைக்கலாம் என்று பாய் கேட்டுப் பார்த்தார். என்ஜின் எங்க இருக்குதோ அங்கதான் கனம் இருக்கணும் பாய், என் புள்ள அப்படித்தான் போட்டிருக்கான் என்று உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. உன் வரைபடத்தின் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறு மூன்று பேரும் தென்னேரிக்கு பஸ் ஏறினோம். ஏரி நிரம்பி அலையடித்துக்கினு இருந்தது. படகை மடியில் வைத்திருந்த உன் அம்மாவுக்கு லேடீஸ் சீட்டில் இரண்டு பேர் இடம் விட்டார்கள். இப்போது நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தனை ஈயத்தோடு படகு ஆமை மாதிரி போகும், பார்க்க நன்றாயிருக்காது என்று எனக்கு ஓர் எண்ணம். உன் அம்மா கரையில் இடம் பார்த்துக்கினு இருந்த நேரத்தில், படகின் வயிற்றிலிருந்த மீன் எடை முழுவதையும் எடுத்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டேன். விட்டதும் படகு அம்பு மாதிரி போயிற்று, பாய் கை தட்டினார். பெட்டி என் கையில். அல்லிக்கொடி ஓரமாகப் போகிறதே என்று ஒரு தரம் அழுத்தினேன், போதவில்லை என்று மறுபடி அழுத்தினேன், அது இடது பக்கம் என்று ஞாபகம் வருவதற்குள் மறுபடியும் அழுத்திவிட்டேன். படகு சட்டென்று திரும்பிற்று. திரும்பின வேகத்தில் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவே இல்லை. அடிப்பக்கம் மேலே தெரிந்தது, பொடி டப்பா மூடி வெயிலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

எருமையைக் குளிப்பாட்டிக்கினு இருந்த ஆதிகேசவன் என்ற விவசாயி நீந்திப் போய் எடுத்து வந்தார். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வந்தார். உன் அம்மா படகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு பேர் இருந்தாங்க என்றாள். அவர் புரியாமல் பார்த்தார். இதுல நாலு பேர் இருந்தாங்கப்பா என்று மறுபடி சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் திரும்பப் போய் மூன்று தரம் முங்கினார். மீசைக்காரன் ஒருத்தன்தான் கிடைத்தான். மற்ற மூன்று பேரும் தென்னேரி ஏரிக்குள்ளேதான் இருக்கிறார்கள். ஈயமும் நூலும்தான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் வாலாஜாபாத் வருகிற வரைக்கும் உன் அம்மா மீசைக்காரனை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டே வந்தாள்.

வாலாஜாபாத்தில் பஸ் மாறும்போது என் வேட்டி மடிப்பு அவிழ்ந்து மீன் எல்லாம் தரையில் விழுந்தது. அதற்கப்புறம் உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் காலை நான் தோட்டத்துப் பக்கம் போனபோது தண்ணீர்த் தொட்டியில் படகை மிதக்கவிட்டு, விரலால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கினு இருந்தாள். மீன் எடை இருந்தால் உடனே நிமிர்கிறது. மீனை எடுத்துவிட்டு வலையை மட்டும் கூரைமேல் வைத்தால் கொஞ்ச தூரத்துக்குமேல் சாய்ந்தது அப்படியே போய்விடுகிறது. என்னைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டாள். என்னாங்க, மீனு திரும்பி வரும்போதுதானே இருக்கும், போகும்போது வயிறு காலி, வலை தலைமேல, அப்போ நீங்க செஞ்சதைத்தானே அவங்க தெனமும் செய்வாங்க என்று கேட்டாள். நீ மீன் நிறைந்த படகுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கிறாய், உன் தாளை நானும் எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், காலிப் படகுக்குக் கணக்கே இல்லை. தப்பு தன்னுடையதாக இருக்கக்கூடாதா என்று உன் அம்மா பொங்கல் வரைக்கும் எல்லாவற்றையும் இரண்டு தரம் பிரித்து நிறுத்தாள். தன்மேல் தப்பு என்றால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை.

அதனால் மேல் மாடியை எடுத்துவிட்டு அறையை ஒரே மட்டமாக்கி, வலையைக் கீழே பின்பக்கத் தளத்தில் வைத்தாள். போன ஞாயிறு மறுபடி தென்னேரி. இந்தத் தரம் மீன் இல்லாமல், உன் அம்மாவின் உத்தரவுப்படி. போன தரம் உளறினது மாதிரியே உளறுங்க என்று சொல்லிப் பெட்டியை என்னிடமே கொடுத்தாள். மனதாரச் செய்தேன். எத்தனை தரம் தாறுமாறாக அழுத்தியும் படகு தலையைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்ந்துகொண்டது. ஆதிகேசவன் இதற்காகவே வந்து தோளில் துண்டோடு தயாராக நின்றவர், வேலை இல்லாமல் ஏமாந்து போனார். பேட்டரி தீர்ந்த இடத்திலிருந்து இழுத்து வருவதற்காவது அவர் உதவினதில் எங்களுக்குத் திருப்தி.

உன் அம்மா உனக்கு இதைப் பக்குவமாக எழுதச் சொன்னாள், கவிழ்ந்தது என்று எழுதாதீங்க, கொஞ்சம் சாயுது என்று எழுதுங்க என்றாள். எனக்குப் பக்குவம் போதாது. கவிழ்ந்தது, குமாரு. இரண்டு மாடி அழகாகத்தான் இருந்தது, போனால் போகட்டும். தப்பு நேர்ந்ததற்கு வெட்கப்படாதே, பெரியவர்களிடம் நீயே போய்ச் சொல், திருத்திக் கொடுக்க நாள் கேள். அங்கே எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடாதே. ஈரச் சட்டையோடு இருக்காதே. இந்தக் கவர் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு தந்தி கொடு, மறக்காதே, அதுவரைக்கும் இங்கே ஒருத்திக்குத் தூக்கம் இல்லை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

சிவப்புப் பென்சிலில் திருத்தின வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூலையில் வரைந்தவர் என்ற கட்டத்தில் உன் பெயர் இருக்குது, பக்கத்தில் சரிபார்த்தவர் என்று இங்கிலீஷில் போட்ட கட்டம் காலியாக இருந்தது. அங்கே என்ன எழுதியிருக்குது என்று உன் அம்மா கேட்டாள், சொன்னேன். பென்சிலை வாங்கித் தமிழில் தேவகி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அது யார்டு ஆபீசர் போட வேண்டிய இடம், அழித்துவிடு என்றேன். சரிபார்த்தது யாரு என்று கேட்டாள். ரப்பரைத் திருப்பி டப்பாவில் போட்டுவிட்டேன், அவளுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இருந்தால் நீயே அழித்துக்கொள்.

இப்படிக்கு,
மீனைத் திருடின உன் அப்பா,
உமாபதி