கல்யாணப் பத்திரிகைத் திரை

26.7.97, சனி

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலை இருக்கிறது, கதவு இல்லை. இந்தத் திருநகர் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஸ்வர்ணா அங்கே ஒரு பழைய புடவையைக் கயிற்றில் மாட்டி வைத்திருக்கிறாள். மருமகளைக் குறை சொல்லவில்லை; புடவையைத்தான் சொல்கிறேன். சாப்பிட்டு எழுந்து வருகிறவர்கள் எல்லோரும் அதில் கை துடைக்கிறார்கள். என் மகன் உட்பட.

டவுன் ஹால் ரோட்டில் பிளாஸ்டிக் மணித் திரை விற்கிறதாம். ஜனகராஜ் வாங்கி வரட்டுமா என்றான். நான் உயிரோடு இருக்கும்வரை என் வீட்டு நிலையில் பிளாஸ்டிக் தொங்காது என்றேன்.

"அப்ப என்னதாம்மா தொங்கணும்?"

பதில் பரண்மேல் இருக்கிறது. என் கல்யாணத்திலிருந்து இந்த வருடம்வரை வந்த பத்திரிகைகள், இரண்டு சாக்கு.

28.7.97, திங்கள்

செய்முறையை எழுதி வைக்கிறேன். மணிக்குப் பத்திரிகைத் தாளை நீள முக்கோணமாக வெட்ட வேண்டும். ஒரு பக்கம் ஓர் அங்குலம், மறுபக்கம் ஊசி முனை. அகலமான பக்கத்திலிருந்து ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றினால் நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த மணி வரும், குட்டிப் பீப்பாய் போல. மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். காய்ந்ததும் வார்னிஷ். பிறகு நைலான் நூலில் கோர்ப்பது. செலவு என்று பார்த்தால் வார்னிஷ் மட்டும்தான்.

சாமி படத்தை மட்டும் சுற்றுவதில்லை. தனியே கத்தரித்து பிஸ்கட் டப்பாவில் சேர்க்கிறேன், ஆற்றில் விட. ஆட்களின் பெயரை வெட்டலாமா அத்தை என்று ஸ்வர்ணா கேட்டாள். "கல்யாணம் ஆனவங்கதானே. இனிமே வெட்டினா என்ன, ஒட்டினா என்ன?" என்றேன். அவள் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, புதுப் பத்திரிகை வராது. வெட்டுவதற்கு இதைவிட நல்ல காலம் ஏது?

2.8.97, சனி

பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா ஒரு துணிப்பை நிறையக் காதணி விழாப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொட்டினாள். அவள் வீட்டுக்காரருக்குச் சோழவந்தான் பக்கம் சொந்தம் அதிகம்.

"வாரத்துக்கு நாலு காதுகுத்தும்மா. மொய் எழுதியே அவருக்கு வெரல் தேஞ்சு போச்சு. இம்புட்டும் உங்களுக்குத்தான்."

மயில்நீலம், கத்தரிப்பூ, கண்ணைக் குத்தும் ரோஸ். மேலிருந்து கீழ்வரை தாய்மாமன்கள் பெயர். எங்கள் சௌராஷ்டிர வீட்டுப் பத்திரிகைகளில் மஞ்சளும் சிவப்பும் தவிர வேறு நிறம் கிடையாது. இந்த ரோஸை நான் தொட மாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு மஞ்சளுக்கு நடுவில் ஒன்றை வைத்துப் பார்த்தால்... ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நன்றாக இருக்கிறது.

பாண்டிமீனாவும் உட்கார்ந்து சுற்றினாள். தொளதொளவென்று வந்தது. பிரித்துக் கையில் கொடுத்தேன். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களேம்மா, ஒரு மணியை!" என்றாள். ஆனாலும் திரும்பச் சுற்றினாள்.

9.8.97, சனி

மணி, மணி, மணி. சந்தோஷமாக இருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

20.8.97, புதன்

ஜனகராஜ் லீவு போட்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து. இன்று முழுவதும் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது என்றார் டாக்டர். மணி சுற்றக் கூடாது என்று சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பினேன். உலகமே பால் ஊற்றியது போல இருந்தது. மேசைமேல் பாண்டிமீனாவின் பத்திரிகைக் கட்டு. தடவிப் பார்த்து மேலே இருந்ததை எடுத்தேன். உள்தாள் அபாரம்; வழவழப்பு, முறுக்கினால் முரண்டு பிடிக்காத தாள். அட்டையில் சாமி படம் மேடாக இருந்ததால் விரலாலேயே வரம்பு கண்டு கத்தரித்து டப்பாவில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய மணிகள் கண்ணைத் திறந்து சுற்றியதைவிட நன்றாக வந்திருக்கின்றன என்று ஜனகராஜே சொன்னான்.

ஸ்வர்ணா ஏதோ சொல்ல வந்தாள். தலை வலிக்கிறது, நாளை சொல் என்றேன். (இதை மறுநாள் காலையில் எழுதுகிறேன். டாக்டர் சொல்லை மீறவில்லை.)

24.8.97, ஞாயிறு

திரை தொங்குகிறது!

மூங்கில் கழியில் சரம் சரமாக. ஓரங்களில் மஞ்சள், உள்ளே சிவப்பு, நடுவில் மயில்நீலம், அங்கங்கே அந்த ரோஸ். கடைசிச் சரங்களில் புதன்கிழமை சுற்றிய சந்தன நிற மணிகள். நாலு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் விழுந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுமனே உட்காரும் வழக்கம் எனக்கில்லை.

ஜனகராஜ் தேவையே இல்லாமல் மூன்று தடவை உள்ளே போய் வந்தான். "கை தொடைக்க வழியில்லாமப் பண்ணிட்டியேம்மா" என்றான். பாண்டிமீனா நடுவில் நுழைந்து நின்று, "எம்புட்டு அழகு! மழை பேஞ்ச சத்தம்மா கேக்குது" என்றாள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். நான் படித்த கான்வென்ட்டில் மதர் எங்கள் பூத்தையலை வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கம் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள் என்பார். முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. குஞ்சம் மட்டும் சரியில்லை. பருத்தி நூல், துவண்டு நிற்கிறது. பட்டுக் கழிவு நூல் இருந்தால் ஜோராக இருக்கும். அது செல்லூர்த் தறிகளில்தான் கிடைக்கும். செல்லூருக்கு நான் போவதில்லை.

ஸ்வர்ணா மட்டும் சுரத்தில்லாமல் இருக்கிறாள். பேப்பர் அடுக்கைக் கலைத்துக் கலைத்து எதையோ தேடுகிறாள்.

25.8.97, திங்கள்

"அத்தை, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் கோபத்துக்குக் காரணத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள்.

"புதன்கெழம நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப செல்லூர்ச் சித்தப்பாவும் நாகமணிச் சித்தியும் வந்தாங்க. தட்டோட. அவங்க பொண்ணு வித்யாஸ்ரீக்குக் கல்யாணமாம். அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அக்கா கையில குடுக்கத்தான் வந்தேன்னாங்க சித்தி. நாந்தான் வாங்கி மேசை மேல வச்சேன். சொல்ல வந்தேன், நாளைக்குன்னீங்க. மறுநாள் பத்திரிகையக் காணோம். தேடி எடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னு..."

செல்லூர்க்காரி. என் வீட்டுப் படி ஏறினாளா?

எட்டு வருடம் முன்பு அவர்களுடைய புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போயிருந்தோம். நிலையில் பிளாஸ்டிக் பூச்சரம். பஸ் கண்ணாடிக்கு மாட்டுவது போல இருக்கிறது என்றேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். "உங்க வீட்டு வாசல்ல அதுகூடக் கெடையாதே அக்கா" என்றாள் என் கொழுந்தன் மனைவி. அன்றோடு சரி. என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தாள், அழுதாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். நான் சொன்னது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான்.

உள்ளே போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மேலாக ஸ்ரீநிவாசப் பெருமாள். மேடெழும்பிய தங்க அச்சு. ஓரத்தில் தடவிய மஞ்சள், இன்னும் வாசனை போகாத மஞ்சள்.

"என்னைக்குக் கல்யாணம்?"

"ஆவணிக்குள்ளன்னாங்க. எல்லாம் பத்திரிகையில இருக்குன்னாங்க. நான் காபி போடப் போயிட்டேன் அத்தை."

எல்லாம் பத்திரிகையில் இருக்கிறது. பத்திரிகை திரையில் தொங்குகிறது.

26.8.97, செவ்வாய்

சந்தன நிற மணிகளில் ஒரு பிடி அவிழ்த்து வெந்நீரில் போட்டேன். பாதி கூழாயிற்று. என் பசை அத்தனை நேர்த்தி. வார்னிஷ் வேறு. ஊசியால் பிரித்துப் பிரித்து மத்தியானம்வரை கிடைத்தவை: "...கணேஷ், பி.காம்." "தங்கள் நல்வரவை". "இன்னிசை". "விசைத்தறி உரிமையாளர்".

பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள். "பரவால்லம்மா. மாப்ள பி.காம்னு தெரிஞ்சுபோச்சு. இனி தேதியும் மண்டபமுந்தான் பாக்கி." ஸ்வர்ணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இராத்திரி படுத்தபிறகு வந்தது.

27.8.97, புதன்

ஜனகராஜ் போன் போட்டுச் சித்தப்பாவிடம் கேட்கிறேன் என்றான். கூடாது என்றேன். பத்திரிகை எங்கே என்று கேட்டால்? தொலைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெட்டிவிட்டேன் என்றால், இன்னும் நடக்காத கல்யாணத்தின் பத்திரிகையில் கத்தரி! எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு உண்டு. பெரியவள் வேண்டுமென்றே செய்தாள் என்பாள். எட்டு வருடம் கழித்துத் தட்டோடு வந்தவளுக்கு நான் கொடுத்த மரியாதை இதுதான் என்றாகிவிடும். போகாமலே இருந்துவிட்டால்? அது அதைவிட மோசம். இழவுக்கு ஒரு தடவை வந்தாள், இப்போது தட்டோடு ஒரு தடவை; மூன்றாவது தடவை அவள் வர மாட்டாள். நானாக இருந்தால் இரண்டாவது தடவையே வந்திருக்க மாட்டேன்.

"நான் வேணா மாப்ள வீட்டு ஆளு மாதிரி போயி விசாரிச்சுட்டு வாரேம்மா" என்கிறாள் பாண்டிமீனா. செய்யக்கூடியவள்தான். வேண்டாம்.

போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. நான் போகிறேன். திரையையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

29.8.97, வெள்ளி

ஸ்வர்ணா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். திரையை வேட்டியில் சுற்றி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தம். வாசலில் அதே பிளாஸ்டிக் பூச்சரம்! வெளுத்து, எந்தப் பூ என்று சொல்ல முடியாத நிறத்தில்.

"வாங்கக்கா" என்றாள் நாகமணி, போன வாரம் பார்த்தது போல.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒழுங்காக அமைத்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்: "உன் பொண்ணு பத்திரிகையை வெட்டிட்டேன், நாகமணி. கண்ணுல மருந்து. தெரியாம நடந்துபோச்சு. இதோ இருக்கு." திரையைக் கூடத்தில் விரித்தேன்.

தரையில் உட்கார்ந்தாள். சரம் சரமாகத் தடவினாள். சந்தன மணி ஒன்றைக் கண்ணருகில் வைத்து, "வித்யான்னு தெரியுது" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். தோள் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஊர் பூரா குடுத்தேன். கல்யாணம் முடிஞ்சா எல்லாரும் பரண்ல போடுவாங்க. எங்க அக்கா வீட்லதான் நடுக்கூடத்துல தொங்குது!"

பிறகு, என் முன்னாலேயே, திரையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "வேலை சுத்தம்." குஞ்சத்தைத் தூக்கிப் பிடித்து, "குஞ்சந்தான் வெளக்குமாறு மாதிரி இருக்கு."

உண்மை. தறிக்கூடத்துக்குப் போய் ஒரு பை நிறையப் பட்டுக் கழிவு நூல் கொண்டுவந்தாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை.

"பன்னெண்டாம் தேதி, வெள்ளிக்கெழம. இன்னொரு பத்திரிகை தாரேன். கத்தரியத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

என் பார்வை வாசல் பக்கம் போனதைக் கவனித்துவிட்டாள். "சொல்லிருங்கக்கா. தொண்டையில நிக்குது."

"வெளுத்துப்போச்சு" என்றேன்.

"எட்டு வருசம் வெயில்ல நின்னா நீங்களுந்தான் வெளுப்பீங்க."

காபி நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன்.

7.9.97, ஞாயிறு

இங்கே கூடம் முழுக்க நூல். நாகமணி, ஸ்வர்ணா, பாண்டிமீனா, நான். குலைந்த சரங்களைத் திரும்பக் கோர்த்துப் பட்டுக் குஞ்சம் கட்டினோம். நாகமணியின் முடிச்சு என்னுடையதைவிடச் சிறியது. இரண்டு தடவை அளந்து பார்த்தேன்.

12.9.97, வெள்ளி

மண்டபத்தில் மணப்பெண் அறை வாசலுக்கு எங்கள் திரைதான்; நாகமணியின் ஏற்பாடு. யார் மாட்டுவது என்று நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் நிற்பது போல நான் ஓரமாகத்தான் நின்றேன்.

"ஏறுங்கக்கா" என்றாள் நாகமணி.

"நானா? இன்னைக்கா?"

"வேற யாரு மாட்டினாலும் கோணலாத்தான் இருக்கும். அப்புறம் தாலி கட்டுறதப் பாக்காம அதையே பாத்துக்கிட்டு நிப்பீங்க."

நாற்காலியை ஜனகராஜ் பிடித்துக்கொண்டான். ஏறினேன். நூல் பிடித்து மட்டம் பார்த்து மாட்டினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நாகமணி விட்டிருக்க மாட்டாள். வித்யாஸ்ரீ திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த மழைச் சத்தம். மாப்பிள்ளை பாலகணேஷ், பி.காம்., நல்ல பையனாகத் தெரிகிறான்.

சாப்பாட்டில் அவியல் உப்பு அதிகம். சொல்லவில்லை.

4.10.97, புரட்டாசி மூன்றாம் சனி

திரை வித்யாஸ்ரீயோடு அவள் புது வீட்டுக்குப் போய்விட்டது. கொடுத்தேன். நிலையை மூளியாக விடக் கூடாது என்று நாகமணி போன வாரம் தன் வீட்டு வாசல் பூச்சரத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த திரை முடியும்வரைதான்.

இன்று அதைக் கழற்றி, சோப்புப் பொடி போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, திரும்ப மாட்டினேன். பஸ் கண்ணாடிக்கு மாட்டுவது போலத்தான் இருக்கிறது. இடது பக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது. நாளைக்கு நாகமணி வருவாள். அவள் சொல்வதற்குள் சரி செய்துவிட வேண்டும்.