மாதம் ஒரு கதை

1-1-1961
யோபு தன் அச்சாபீசிலிருந்து இந்த டைரியைக் கொண்டுவந்தார். அட்டையைக் கோணலாக ஒட்டிவிட்டார்களாம், விற்க முடியாதாம். விற்காததெல்லாம் பெண்டாட்டிக்கு. சரி, தாளாவது நேராக இருக்கிறது.

ஆராதனையில் இந்த வருஷத்துக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுத்தோம். எனக்குப் பொறுமையைப் பற்றி வந்தது. போன வருஷமும் அதுவே. அவருக்குச் செழிப்பைப் பற்றி. வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொண்டேன். சிரித்தார். அந்த மனுஷனுக்கு எதற்கும் சிரிப்புத்தான்.

தீர்மானம்: மாதம் ஒரு கதை. வருஷம் முடிவதற்குள் மதராஸ் பத்திரிகையில் என் பெயர் அச்சில் வர வேண்டும். "ஞானதீபம் யோபு, நாரணாபுரம்" என்று. முப்பத்தாறு வயதாகிவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே சாகவா பிறந்தேன்?

23-1-61
ஜனவரிக் கதை திரும்பி வந்துவிட்டது. பத்திரிகை ஆசிரியர் கைப்பட எழுதியிருக்கிறார்: நடை நன்று, அனுபவம் போதாது.

அனுபவத்துக்கு நான் எங்கே போக? நாரணாபுரத்தில் விடிந்தால் பட்டாசு, அடைந்தால் பட்டாசு. மதராஸில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வந்துவிட்டான்.

20-2-61
பிப்ரவரிக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. பத்திரிகையில் போட்டி அறிவித்திருக்கிறார்கள். உண்மைச் சம்பவக் கதை. "இதில் வருவது யாவும் நடந்ததே" என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். எனக்கு என்ன நடக்கிறது, எழுதுவதற்கு?

8-3-61
பதினொரு மணிக்கு வெடித்தது. வகுப்பில் சிலேட்டெல்லாம் கீழே விழுந்தன. கிழக்கே உள்ள பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை. மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருத்தி எங்கள் ஊர்ப் பொன்னுத்தங்கத்தின் மகள் சின்னத்தாய். என்னிடம் படித்தவள்தான். பதினேழு வயது.

11-3-61
துக்கம் கேட்கப் போனேன். யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன்: கைப்பையில் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு போனேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பொன்னுத்தங்கம் என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. ஆனால் அவள் மண்ணை அள்ளி அள்ளித் தன் சேலையிலேயே போட்டுக்கொண்டதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

19-3-61
பொன்னுத்தங்கம் இங்கே வந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். யோபு காப்பி போட்டுக் கொடுத்தார். மூன்று மணி நேரம் பேசினாள்.

"மருந்து வழிக்கிற மரக்கரண்டி ஒடஞ்சு மூணு நாளாச்சாம் டீச்சரம்மா. போர்மேன் தகரத்தக் குடுத்து இத வச்சு வழின்னாராம். பொறி பறக்குதும்மா, பயமாயிருக்கும்மான்னா. நான்தான், ஆர்டர் நெறய கெடக்கு, போகலைன்னா வேற ஆளு வச்சிருவாக, போ கழுதன்னு வெரட்டி விட்டேன். வெரட்டி விட்டேனே…"

யோபு எழுந்து வெளியே போய்விட்டார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சரம்மா. எம் மக பேரப் போட்டே எழுதுங்க. அவ பேரு எங்கனயாச்சும் இருக்கட்டும்" என்றாள்.

25-3-61
ஐந்து நாளாக எழுதிக் கிழிக்கிறேன். தகரம்! தகரத்தை வைத்து எவளாவது கதை எழுதுவாளா? ஒரு பெண் சாகிறாள், காரணம் ஒரு துண்டுத் தகரம். படிக்கிறவன் அடுத்த பக்கம் புரட்டிவிடுவான்.

26-3-61
வந்துவிட்டது! சின்னத்தாய்க்கு ஒரு காதலன். திருவிழாவில் கொண்டை ஊசி வாங்கித் தருகிறான். மருந்து அறைக்குள் இரும்பு கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்குக் கழற்ற மனமில்லை. முழங்காலைத் தொடும் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். ஊசி நழுவி விழுகிறது, ஒரு பொறி…

எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன். உண்மை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. பொன்னுத்தங்கம் பெயரைத்தானே கேட்டாள், பெயர் இருக்கிறது. வேறென்ன வேண்டும் அவளுக்கு?

5-5-61
முதல் பரிசு!! முதல் பரிசு. என் பெயர் அச்சில். தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்தார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

யோபு படித்தார். இரண்டு தரம் படித்தார். "தகரம் எங்க தீபம்?" என்று மட்டும் கேட்டார். கதை என்றால் என்னவென்று அச்சுக் கோர்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன். போய்ப் படுத்துக்கொண்டார்.

12-6-61
கம்பெனி மேனேஜர் சங்கரலிங்கம் காரில் வந்து இறங்கினார். தட்டு நிறையப் பழம், எனக்குச் சால்வை. "டீச்சரம்மா, எங்க மானத்தக் காப்பாத்திட்டீக. எங்க மேல தப்பில்லன்னு எம்புட்டுச் சொன்னாலும் எவன் நம்புனான்? நீங்க அச்சுலயே போட்டுட்டீக" என்றார். அடுத்த மாதம் தாசில்தார் விசாரணையாம். பத்திரிகையைக் காட்டப் போகிறார்களாம்.

சால்வையை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாதோ?

13-6-61
யோபு சொன்னது: "எழுத்து தப்பா விழுந்தா நாங்க பிழைதிருத்தம் போடுவோம். நீ தாசில்தார்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வா. நானும் கூட வாரேன்."

போய்ச் சொல்லலாம். பரிசு போகும். பொய்க் கையெழுத்து போட்டவள் என்று பத்திரிகையில் வரும். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். நேற்றுத்தான் பத்திரிகை ஆசிரியர் தொடர்கதை கேட்டு எழுதியிருக்கிறார், இருபது வாரம்.

இறந்துபோனவள் திரும்பியா வரப் போகிறாள்?

2-7-61
வெடியில் செத்த மற்ற இரண்டு பேரின் வீட்டுக்காரர்களும் பொன்னுத்தங்கத்தின் வாசலில் போய் ஏசிவிட்டு வந்தார்களாம். "ஒம் மக சிங்காரிச்சுட்டுப் போனதுக்கு எம் புள்ள எரியணுமாடி?" என்று. கிணற்றில் அவளுடைய வாளியை இறக்க விடுவதில்லையாம். பள்ளிக்கூடத்து ஆயா சொல்லச் சொல்லக் காதைப் பொத்திக்கொண்டேன்.

14-7-61
விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போர்மேன், தகரமே கிடையாது என்றார். பிறகு பத்திரிகையில் ஊசி வரும் இடத்தை மட்டும் வாசித்தார்கள். பொன்னுத்தங்கம் எழுந்து கத்தினாள்: "மொட்டத் தலையில ஊசிய எங்கனய்யா சொருக? தை மாசந்தான் இருக்கங்குடி கோயிலுக்குப் போயி அவளுக்கு முடி எறக்குனோம்!"

 மொட்டை! வெடிக்கும் முன் ஒரு வருஷமாக நான் அந்தப் பெண்ணைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "அப்ப இது கற்பனையாம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. யோபு கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி உண்டு ஐயா. தலையில் இல்லை, மடியில் முடிந்து வைத்திருந்தாள். கதைக்காகக் கூந்தல் என்று மாற்றினேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தபோது அவளே என்னிடம் எடுத்துக் காட்டினாள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள்."

தங்குதடையில்லாமல் வந்தது. மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. இதில் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது, கர்த்தாவே.

பொன்னுத்தங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

15-7-61
யோபு விருதுநகரில் ஒரு அச்சாபீசில் வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். என்ன மனுஷன் இவர், ஒரு வார்த்தை ஏசிட்டாச்சும் போகக் கூடாதா?

17-9-61
கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஒன்பது வாரமாகிவிட்டது. தொடர்கதை நான்காம் அத்தியாயம் அனுப்பினேன்.

22-10-61
பொன்னுத்தங்கம் வந்தாள். சாயங்காலம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் மடியிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தாள். கசங்கிப் போயிருந்தது.

"எல்லாரும் படிச்சிட்டாக. நான் ஒருத்திதான் முழுசாக் கேக்கல. வாசிச்சுக் காட்டுங்க டீச்சரம்மா."

வாசித்தேன். ஊசி வரும் இடத்தை விட்டுவிட்டுத் தாண்டினேன். "ஊசிய விடாம வாசிங்க" என்றாள். வாசித்தேன். முடிக்கும்வரை அசையவில்லை.

"தகரமில்ல, ஊசிதான்னா, நான் வெரட்டி விட்டது குத்தமில்லைதானே?"

குற்றமில்லை என்றேன். அது ஒன்றுதான் நான் அவளிடம் சொன்ன நிஜம்.

"பெத்தவகிட்டச் சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லிருக்கா, கள்ளச் சிறுக்கி" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பய யாரு? ஏசவெல்லாம் மாட்டேன். எம் மகள நெனச்சு அழுகுறதுக்கு இன்னொரு சீவன் இருக்கே, அவன ஒருக்கா பாக்கணும். பேரு சொன்னாளா?"

அப்பொழுதாவது சொல்லியிருக்கலாம். அவள் கை என் கையில்தான் இருந்தது.

"காளிராஜ்" என்றேன். "ஊர் ஏழாயிரம்பண்ணை" என்றேன்.

24-10-61
பொன்னுத்தங்கம் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறியதாக ஆயா சொன்னாள். இல்லாதவனைத் தேடி ஊர் ஊராக அலையப் போகிறாள். பள்ளிக்கூடம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். வரவில்லை.

3-11-61
இன்னும் வரவில்லை. ஒரு வரி ஓடவில்லை. தொடர்கதைக்குத் தந்தி மேல் தந்தி.

9-11-61
வந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் அப்படிப் பார்க்கிறேன்.

"பாத்துட்டேன் டீச்சரம்மா! அந்தப் பேருல மூணு பேரு இருக்காக. மொத ரெண்டு வீட்ல பைத்தியம்னு வெரட்டிட்டாக. மூணாவது பயதான். தீப்பெட்டி லோடு ஏத்துற பய. சின்னத்தாயோட ஆத்தா நான், அவளுக்கு ஊசி வாங்கிக் குடுத்தது நீதானான்னு கேட்டேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்தான். பொறவு, ஆமா ஆத்தா நாந்தான்னான். நாந்தான் ஊசி வாங்கிக் குடுத்தேன், மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்து அழுதான். அவன் வீட்லதான் இம்புட்டு நாளும் இருந்தேன். பொங்கலுக்கும் வரச் சொல்லிருக்கான்."

"மன்னிச்சீகளா?" என்று கேட்டேன். என் வாயில் அவள் பேச்சு வந்துவிட்டது.

"அவன மன்னிக்காம? புள்ளையில்லையா அவன்?"

எனக்கு என்று கொஞ்சம் சேவு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்ததாம். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் யார் என்று எனக்குத் தெரியாது, சின்னத்தாய் யார் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. நான் செய்ததற்கு அவன் அவள் காலில் விழுந்திருக்கிறான்.