உப்பில் இறுகிய மோட்டார் சைக்கிள்

கோமாரி மண்ணில் உறங்கும் என் மச்சானுக்கு, ஸலாம்.

சண்டை முடிந்துவிட்டது. உங்கள் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. இரண்டையும் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

தேங்காய் ஏற்ற நீங்கள் லொறியில் கோமாரிக்குப் போன காலையில்தானே கடல் பொங்கி வந்தது. கல்முனையில் நம் வீடும் போனது. மணலுக்குள் கிடந்த மோட்டார் சைக்கிளை என் கூடப்பிறந்த காக்கா தோண்டியெடுத்து, நாங்கள் ஒதுங்கியிருந்த சம்மாந்துறைக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் இறுகிவிட்டது, இரும்புக்குத்தான் போடலாம் என்றார் கராஜ்காரர்.

கணவனை இழந்தவள் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் நான் இருந்தேன். வெளியே போக முடியாது. கொல்லையில் அதை நிறுத்தி, கிணற்றுத் தண்ணீரால் உப்புப் போகக் கழுவினேன். காக்கா பிளக்கைக் கழற்றித் தந்தார். அந்தத் துளையால் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். விடிய சுபஹு தொழுததும் கிக்கரை மெல்லக் காலால் அழுத்திப் பார்ப்பேன். அசையாது.

உம்மா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டா: "மௌத்தாப் போன மனிசன் இத மிதிச்சா வருவாரா புள்ள?"

"வரமாட்டார் உம்மா. இதாவது துருப்பிடிச்சுப் போகாம இருக்கட்டும்."

பிறகு ஒரு காலையில் கிக்கர் கொஞ்சம் இறங்கியது. பிளக் துளையால் கறுத்த தண்ணீர் வந்தது. என்னையறியாமல் "மச்சான்" என்று கூப்பிட்டுவிட்டேன். உம்மா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டா.

காக்கா எஞ்சினைப் பிரித்து, பழுதானதை மாற்றினார். ஆனால் உப்பு லேசில் விடாது. ஒவ்வொரு நட்டையும் கழற்றி, கிரீஸ் தடவி, திரும்ப முறுக்குவேன். ஓடாத நாளிலும் சங்கிலிக்கு ஒயில் விடுவேன். வயல் வீதியில் ஓட்டப் பழகினேன். ஊர் கதைத்தது. எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது?

உங்களை அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்றுதான் அன்று செய்தி வந்தது. ஜனாஸாத் தொழுகை நடந்ததா என்று சொல்ல ஆளில்லை. காட்டுப் பாதை, சண்டைக் காலம். என்னைப் போக விடவுமில்லை. சோதனைச் சாவடிகளை எடுத்த பிறகு, போன கிழமை உங்கள் மோட்டார் சைக்கிளிலேயே தனியாகப் போனேன்.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாவிடம், தேங்காய் லொறியில் வந்தவரைப் பற்றி விசாரித்தேன். என்னைக் கடற்கரைக்கு மேலே ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனா.

"எங்கட ஆக்கள்தான் தூக்கி வந்த. தொப்பி சட்டப்பைக்குள்ள இருந்ததால பொத்துவில் பள்ளிவாசலுக்கு ஆளனுப்பின. அவங்க வந்து, தொழுதுதான் அடக்கினவங்க, மகள். நான் பாத்துக்கொண்டு நிண்ட."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவவும் பக்கத்தில் இருந்தா. திரும்பி வரும் வழியெல்லாம், இதைக் கேட்க நீங்கள் பின்னால் இல்லையே என்றிருந்தது.

உங்கள் தலைமாட்டில் ஓர் அடையாளமும் இல்லை, மச்சான். மழை தொடங்கமுன், அங்கே நட மீசான் கட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வருவேன், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் மாமி மகள்,
ரமீசா