தட்டில் வைத்த மாத்திரை

என் அன்புத் தம்பிக்கு, ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டுக்குள் வந்து உட்காரட்டும் என்ற ஜெபத்தோடு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே நீ ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய். ஜெபத்துக்குக் குறுக்கே பேசக்கூடாது என்று அம்மா அடித்து வளர்த்திருக்கிறாள், போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முழுதாக வாசி.

எனக்கு வேலையில் இடம் மாற்றியிருக்கிறார்கள். ஈரத்துணி மூட்டையைத் தூக்க முடியவில்லை என்றதும் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே என்னை மடிக்கிற மேசைக்கு அனுப்பினார். எல்லாம் ஆஸ்பத்திரிப் போர்வைகள். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கிறது. வீட்டுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் போகவே தெம்பில்லை. உன் அத்தான்தான் சமைக்கப் பழகியிருக்கிறார், உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் உன் மனைவி அழைத்தாள். உனக்குக் கேட்கக்கூடாது என்று குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். ஸ்தோத்திர ஆராதனையில் நீ சாட்சி சொன்னாயாம். ஆண்டவருக்கு, பாஸ்டருக்கு, உபவாச ஜெபக் குழுவுக்கு, ஆஸ்பத்திரிக்குக் காரோட்டியவருக்கு என்று ஒருவர் விடாமல் நன்றி சொன்னாயாம். அக்கா என்ற வார்த்தை மட்டும் வரவில்லையாம். பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. கிட்னியைக் கொடுத்தவளைவிடக் காரோட்டியவர் பெரியவரா என்று உன் அத்தானிடம் கேட்டேன். அவன் மறந்திருப்பான், விடு என்றார். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் விட முடியவில்லை. பூரண சுகம் தந்தவருக்கு என் காணிக்கை இதுதான், இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று சொல்லி, மாத்திரை டப்பாவைக் காணிக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாயாமே. சபையார் கை தட்டினார்களாம். உங்கள் பாஸ்டர் மட்டும் கை தட்டாமல் அவசரமாக அடுத்த பாட்டை ஆரம்பித்தாராம். எல்லாரும் போன பிறகு காணிக்கை எண்ணுகிறவர், இதை எந்தக் கணக்குலம்மா எழுதுறது என்று கேட்டு டப்பாவை அவள் கையிலேயே கொடுத்தாராம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். அன்றிலிருந்து நீ ஒரு மாத்திரைகூடப் போடவில்லை என்கிறாள்.

தம்பி, டாக்டர் நம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத்தானே சொன்னார். மாத்திரை போடுகிறவரைக்கும்தான் உன் உடம்பு இந்தக் கிட்னியைச் சேர்த்துக்கொள்ளும், நிறுத்தினால் வெளியாள் என்று தள்ளிவிடும் என்றார். மாடு மாதிரி தலையாட்டினாய். இப்போது உன் கால் வீங்கியிருக்கிறதாம், கேட்டால் செருப்பு இறுக்கம் என்கிறாயாம். யாரிடம் கதை விடுகிறாய்?

நீ நன்றி சொல்வதை நான் குறை சொல்லவில்லை. நானும்தான் காலையில் முழங்காலில் நிற்கிறேன். பல நாள் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து, கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தபடியே தூங்கிவிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம் பண்ணிவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறவன் உண்டா? எனக்குப் படிப்பு குறைவு. நன்றி என்றால் கொடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும்தான் என்று நினைத்திருந்தேன்.

உன்மேல் கோபப்படவும் தெம்பில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீ இதைக் கெடுத்துக்கொண்டால் மறுபடி கொடுக்க என்னிடம் இல்லை. இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு நானும் உயிரோடு இருக்க வேண்டும்.

சாட்சியில் என்னை ஒருநாளும் சொல்ல வேண்டாம். இதை வாசித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. திட்டுவார், வாயை மூடிக் கேட்டுக்கொள். அவர் தருகிற மாத்திரையைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, ஸ்தோத்திரம் சொல்லி விழுங்கு. அதற்கு நான் இங்கே ஆமென் சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னை எனக்கு வைத்திருக்கட்டும்.

உன் அக்கா